இரண்டாவது ஸ்டாப்வாட்ச்

பி.டி. மாஸ்டர் ஞானசிகாமணி, தன் வயதில் பாதியே உள்ள கணினி ஆசிரியை பர்வீனுக்குச் சிஷ்யராகச் சேர்ந்திருந்தார். ‘குருவம்மா’ என்றுதான் கூப்பிடுவார். வேண்டாம் சார் என்று சொல்லிச் சொல்லி பர்வீனுக்கே அலுத்துவிட்டது.

உலகமெங்கும் சும்மா கிடக்கும் கணினிகள், ஒரு பெரிய ஆராய்ச்சியின் கணக்கைத் துண்டு துண்டாகப் பங்குபோட்டுச் செய்துகொடுக்கும் திட்டம் ஒன்று. வானத்திலிருந்து வரும் இரைச்சலில் புதிய நட்சத்திரம் ஏதும் துடிக்கிறதா என்று தேட வேண்டும். விளையாட்டு அறையில் தூசி படிந்து கிடந்த கணினியை மாஸ்டர் அதில் சேர்த்துவிட்டிருந்தார். நாளைக் காலை ஏழாம் வகுப்புக்கு அந்தத் திட்டத்தை அறிமுகப்படுத்தப் போவதும் அவர்தான்.

அன்று சாயங்காலம் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“குருவம்மா! நம்ம கம்ப்யூட்டர் துடிப்பைப் பிடிச்சிருச்சு! நம்ம ஸ்கூல் ஒரு நட்சத்திரத்தையே கண்டுபிடிச்சிருச்சுன்னு நாளைக்குப் பிள்ளைங்ககிட்ட சொல்லிரவா?”

பர்வீன் போய்த் திரையைப் பார்த்தார். “இன்னொருத்தர் விடைக்காகக் காத்திருக்குன்னு போட்டிருக்கே, சார்.”

“அதான் எனக்குப் பொறுக்கல. இதே கணக்கை எவனுக்கோ கொடுத்திருக்காங்களாம். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் ஏத்துக்குவாங்களாம். அப்ப நம்ம மேல நம்பிக்கை இல்லையா?”

மனிதருக்கு முகம் தொங்கிப்போயிற்று. பாவம், ஊரில் இல்லாத ஆசையோடு வந்திருந்தார்.

பர்வீன் மேஜையில் கிடந்த இரண்டு ஸ்டாப்வாட்சுகளை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தார்.

அங்கே முத்தரசி பயிற்சியில் இருந்தாள். மாஸ்டரின் செல்லப்பிள்ளை. மாவட்டப் போட்டிக்குத் தேவையான நேரத்தை இந்த வருஷமாவது அவள் தொட்டுவிட வேண்டும் என்று அவளைவிட அவருக்குத்தான் தவிப்பு.

“ஒரு நூறு மீட்டர் ஓடும்மா” என்றார் பர்வீன். “நீங்களும் நேரம் எடுங்க சார். நானும் எடுக்கறேன்.”

முத்தரசி பறந்து வந்தாள்.

மாஸ்டர் வாட்சைப் பார்த்துவிட்டுக் குதித்தார். “தொட்டுட்டா! தொட்டுட்டா, குருவம்மா!”

பர்வீன் தன் வாட்சை நீட்டினார். அதில் முத்தரசி தொடவில்லை. கொஞ்சம்தான் பாக்கி.

வாட்ச் சரியில்லை என்று சொல்லத்தான் மாஸ்டர் வாயைத் திறந்தார். பிறகு முடிவுக் கோட்டைப் பார்த்தார். அவள் அதைத் தாண்டுவதற்குள் தன் விரல் முந்திக்கொண்டது அவருக்கே தெரிந்திருந்தது.

“பொய் சொல்லணும்னு அழுத்தலம்மா.”

“தெரியும் சார். அவ மேல உங்களுக்கு அவ்வளவு பிரியம்.”

முத்தரசி இரைத்துக்கொண்டே திரும்பி வந்தாள். “என்ன டைம், சார்?”

மாஸ்டர் தன் வாட்சைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “இன்னும் கொஞ்சம் இருக்கு தாயி. தொட்டுரலாம்.”

அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். மாஸ்டர் பர்வீன் பக்கம் திரும்பினார்.

“அந்த இன்னொருத்தர் யாரும்மா?”

“தெரியாது சார். எந்த ஊரோ, என்னவோ.”

“அவருக்கு நம்ம ஸ்கூலைத் தெரியுமா? நம்ம பிள்ளைங்களை?”

“தெரியாது.”

“நாம யாருன்னே தெரியாத ஒருத்தரை எதை வச்சும்மா நம்புறது?”

“தெரியாதுங்கறதை வச்சுத்தான், சார்.”