பூஜ்யம் நம்பர் துப்பாக்கி

சுரக்காப்பட்டி என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு மூளையே இல்லை என்று சொன்னால் அது அபாண்டம். இருந்தது. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அங்கே மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்தவன் வையாபுரி. பேரத்தில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். எதிராளி வாயிலிருந்து எந்த எண் வந்தாலும், வாங்கும்போது அதைக் குறைக்காமலும் விற்கும்போது ஏற்றாமலும் விட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. ஒருமுறை வைத்தியர், "இந்தச் சூரணத்தை மூணு வேளை சாப்பிடு" என்றார். கத்திக் கூப்பாடு போட்டு அதை ஒன்றரை வேளைக்குக் கொண்டுவந்தான். அந்த அரை வேளை எப்போது வரும் என்று தெரியாமல் ஒரு மாதம் படுக்கையில் கிடந்தான்.

அப்பேர்ப்பட்டவனுக்குக் கொள்ளைக்காரன் சடையாண்டி உப்பு வியாபாரியிடம் சொல்லி அனுப்பினான்: "வெள்ளிக்கிழமை மத்தியானம் வாறேன். மண்டியில கிடக்கிற வத்தலை எடுத்துக்கிடுவேன்."

மண்டியில் கிடந்தது அறுபது மூட்டை. அதை விற்றுத்தான் ஆவணியில் மகள் கல்யாணம். வையாபுரியின் பெண்டாட்டி சிட்டம்மாள் மண்டிக்கே ஓடி வந்தாள்.

"வத்தல் போச்சுன்னா கல்யாணமும் போச்சு. ஏதாவது செய்ங்க" என்றாள்.

"துப்பாக்கி வாங்கப் போறேன்" என்றான் வையாபுரி.

அது வெள்ளைக்காரன் காலம். தாசில்தார் லைசென்ஸில் கையெழுத்துப் போட்டார். யாருக்குப் போடுகிறோம் என்று நிமிர்ந்து பார்த்திருந்தால் போட்டிருக்க மாட்டார்.

வையாபுரி தனக்குத் துணையாக இரண்டு அறிவாளிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டான். ஒருவன் சிட்டம்மாளின் தம்பி சின்னக்காளை. இன்னொருவன் பங்காளி உடையப்பன். டவுனுக்குப் போகிற வழியெல்லாம் ஆராய்ச்சி நடந்தது.

"குண்டு பெருசா வாங்கணுமா, சிறுசா வாங்கணுமா, மச்சான்?" என்றான் சின்னக்காளை.

"பெருசு ஆகாது" என்றான் உடையப்பன். "வர்றது கண்ணுக்குத் தெரிஞ்சிரும். சடையாண்டி ஒதுங்கிக்கிடுவான்."

"சிறுசுன்னா?"

"சிறுசுன்னா பட்டதே அவனுக்குத் தெரியாது. சுட்டுட்டோம்னு நாமளே போய்ச் சொல்லணும். சொன்னா நம்புவானா?"

சின்னக்காளை வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "எனக்கு வேற கவலை. சுட்டா குண்டு அவன் உடம்புக்குள்ள போயிரும். அவன் அதோட ஓடிப்போயிருவான். நம்ம வத்தலைத் திருட வர்றவனுக்கு நம்ம ஈயத்தையும் குடுத்து அனுப்பணுமா?"

வையாபுரிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இவ்வளவு நுட்பமான மைத்துனனைத் தந்த மாமனாரை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டான்.

துப்பாக்கிக் கடை ராவுத்தர் பொறுமைசாலி. மூன்று கைத்துப்பாக்கிகளை எடுத்து வைத்து விளக்கினார்.

"இது நாற்பத்தஞ்சாம் நம்பர். பெரிய குண்டு. பட்டா ஆளு நிக்கமாட்டான். ஆனா சுடுற கையைப் போட்டு உதறும். இது முப்பத்தெட்டு, கொஞ்சம் அடக்கம். இது முப்பத்திரண்டு. புதுசா சுடுறவங்களுக்குக் கைக்குச் சுகம், குறியும் நிக்கும். உங்களுக்கு எது வேணும்?"

வையாபுரி தோளில் கிடந்த துண்டை எடுத்து ராவுத்தர் கைமேல் போட்டான். மாட்டுச் சந்தையில் தரகர்கள் ரகசியமாக விலை பேசுகிற மாதிரி துண்டுக்கு அடியில் கையை விட்டு அவர் விரல்களைப் பிடித்தான்.

"என்னங்க இது?" என்றார் ராவுத்தர்.

"முதல்ல எத்தனை சொன்னீங்க?"

"நாற்பத்தஞ்சு."

"அடுக்காது பாய். இருபது."

"ஐயா, அது விலை இல்ல. குண்டோட அகலம்."

"அகலமோ நீளமோ, எனக்கு என்ன? கடைக்காரர் சொன்னதை அப்படியே வாங்கிட்டு வந்தான் வையாபுரின்னு ஊர்ல பேசவா? குறைங்க."

"குறைச்சா உங்களுக்குத்தான்யா நஷ்டம்."

"எல்லாக் கடையிலயும் இதைத்தான் சொல்றாங்க" என்றான் உடையப்பன்.

துண்டுக்கடியில் விரல்கள் மல்லுக்கட்டின. நாற்பத்தஞ்சு முப்பத்தெட்டானது. முப்பத்தெட்டு முப்பத்திரண்டானது. ராவுத்தர் கடைசியில் உள்ளே போய் ஒரு சின்னத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார்.

"இருபத்திரண்டு. காக்கா விரட்டலாம். இதுக்குக் கீழ என் கடையில இல்ல."

வையாபுரி துண்டை உதறித் தோளில் போட்டான். படியிறங்கினான். சின்னக்காளை ராவுத்தரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"எங்க மச்சான் படியிறங்கிட்டா அவ்வளவுதான், பாய். உங்க நல்லதுக்குச் சொல்றேன், கூப்பிடுங்க."

ராவுத்தர் கூப்பிடவில்லை. வையாபுரியே திரும்பி வந்தான். துண்டைப் போட்டான். இந்தத் தடவை ஐந்து விரலையும் மடக்கி, ராவுத்தர் உள்ளங்கையில் வெறும் முட்டியை வைத்து அழுத்தினான். ராவுத்தருக்குப் பசி நேரம். எழுந்து போய், கண்ணாடி அலமாரியில் பார்வைக்கு வைத்திருந்த இரும்புப் பொம்மையை எடுத்து வந்து பொத்தென்று போட்டார். பார்வைக்கு அசல் துப்பாக்கி. குழல் மட்டும் உள்ளே அடைத்து வார்த்தது.

"இதுல குண்டு போக வழியே இல்ல. பூஜ்யம் நம்பர். போதுமாய்யா?"

"பார்த்தியா மாப்ள?" என்றான் வையாபுரி. "இவ்வளவு நேரமும் இதை ஒளிச்சு வச்சிருக்காரு."

சின்னக்காளை குழலைத் தடவிப் பார்த்தான். "ஈயமும் மிச்சம்" என்றான்.

ராவுத்தர் வாடிக்கையாகச் சொல்கிற வார்த்தையை இவர்களிடமும் சொல்லித் தொலைத்தார்: "பிள்ளைங்க கைக்கு எட்டாத உயரத்துல வைங்க."

ஊருக்கு வந்ததும் அதை எந்த உயரத்தில் வைப்பது என்ற விவகாரம் எழுந்தது. ஊரிலேயே நெட்டையான பிள்ளை ஒச்சாயி மகன். அவனுக்கு வயது முப்பது. கூரை உச்சியில் மோட்டு வளையில் வைத்தால்கூட நின்ற நிலையில் எடுத்துவிடுவான். முப்பது வயதானாலும் ஒச்சாயிக்குப் பிள்ளைதானே என்று ஊர் கூடித் தீர்மானித்தது. மண்டிக்கு எதிரே நின்ற பனைமரத்தின் உச்சியில் துப்பாக்கியைக் கட்டிவைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் சடையாண்டி ஆறு ஆட்களோடும் ஒற்றை வண்டியோடும் வந்து இறங்கினான்.

"கொஞ்சம் பொறு" என்றான் வையாபுரி. "துப்பாக்கி மரத்துல இருக்கு. பங்காளி, ஏறு."

உடையப்பன் ஏறத் தொடங்கினான். அவனுக்கு மரம் ஏறத் தெரியாது. இரண்டு முழம் ஏறினால் ஒரு முழம் சறுக்கியது. சடையாண்டி அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துப்போய், வண்டியைத் திருப்பி மண்டி வாசலில் நிறுத்தினான்.

"உன் ஆளு ஏறட்டும். நான் இருபது மூட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்புறேன்" என்றான்.

அதுவரை வையாபுரி மண்டிக் கதவை ஒட்டிப் பதுங்கி நின்றிருந்தான். இருபது என்று காதில் விழுந்ததும் முன்னால் வந்து, துண்டை எடுத்துச் சடையாண்டி கைமேல் போட்டான். இவன் மண்டி, வந்து நிற்பவன் சரக்கு எடுக்கிறவன், அவன் ஓர் எண் சொல்கிறான். அதை அப்படியே ஒத்துக்கொள்வதா?

"இருபதா? மண்டி வாசல்ல வந்து நின்னு இருபதுன்னு கேட்கிற மூஞ்சியைப் பாரு. அறுபது."

சடையாண்டி திகைத்தான். "வண்டி தாங்காதுப்பா. முப்பது."

"என் சரக்கு காரம் தெரியுமா உனக்கு? அறுபது."

"நாப்பது. அதுக்கு மேல வேண்டாம்."

"வேண்டாம்னா வந்த வழியைப் பாரு. ஒரு வத்தல்கூடக் கிடைக்காது. எடுத்தா அறுபது."

அன்றைக்கு வையாபுரி பேசியதுபோல் ஜென்மத்தில் பேசியதில்லை. துண்டுக்கடியில் சடையாண்டியின் விரல்கள் நொறுங்கின. சின்னக்காளை ஓடி ஓடி மூட்டை ஏற்றினான். கடைசி மூட்டை ஏறியபோது கொள்ளைக்காரன் தோற்றுப்போய்த் தலையைத் தொங்கவிட்டபடி வண்டியை ஓட்டினான். ஊர் கைதட்டியது.

ஊர் எல்லையில் அச்சு கிறீச்சிட்டது. சடையாண்டி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

"மாடு இழுக்கலை, முதலாளி. நாப்பதை நீயே இறக்கி வச்சுக்கோ."

அந்த நேரம்தான் உடையப்பன் நெஞ்சுத் தோலெல்லாம் உரிந்து துப்பாக்கியோடு தரைக்கு வந்தான். வையாபுரி அதைப் பிடுங்கினான். நடுத்தெருவில் காலை அகட்டி நின்று சடையாண்டியின் நெற்றிக்கு நேரே நீட்டினான்.

"போன சரக்கைத் திருப்பி எடுக்கிற வழக்கம் என் மண்டியில கிடையாது. ஒரு மூட்டை கீழ இறங்குச்சு, சுட்டுருவேன்."

குழல் அடைத்திருப்பது வண்டி மேலிருந்த சடையாண்டிக்கு எப்படித் தெரியும்? அடித்த அடியில் மாடுகள் பறந்தன. அறுபது மூட்டையும் புழுதிக்குள் மறைந்தன.

சிட்டம்மாள் காலி மண்டியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நாற்பத்தஞ்சு வாங்கியிருந்தா அவனைச் சுட்டுப் போட்டிருக்கலாமே" என்றாள்.

வையாபுரி துப்பாக்கியைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னான்: "சுட்டுப் போட்டிருந்தா அம்புட்டு வத்தலையும் யாருடி எடுத்துட்டுப் போயிருப்பா?"