கழுவிய கட்டை

“நம்ம கட்டையப் போயி அந்த கஸ்பாருக்கு ஏன் மேடம் வெட்டிக் குடுத்தீங்க?”

வேதாசலத்துக்கு மனசு ஆறவே இல்லை. கஸ்பார் அடுத்த ஊரில் பீர் காய்ச்சுகிறவர். போட்டிக்காரர்.

செலின் ரம்பத்தைத் துடைத்து ஆணியில் மாட்டினார்.

புதுச்சேரிக்கு வெளியே இருந்தது செலினின் மதுக்கூடம். அதில் பன்னிரண்டு குழாய்கள், பன்னிரண்டு வகை பீர். கோதுமை பீர், கறுப்பு பீர், மாம்பழ பீர் என்று பதினொன்றுக்குப் பாக்கெட் ஈஸ்ட். பன்னிரண்டாவது பண்ணை பீர், ஐரோப்பாவின் வடகோடிக் குடியானவர்கள் வீட்டிலேயே காய்ச்சிக் குடித்த வகை. அதற்குப் பாக்கெட் கிடையாது. காய்ச்சி ஆறவைத்த பார்லிச் சாற்றை ஒரு மரக்கட்டையால் கலக்குவார்கள். கட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஈஸ்ட் இறங்கி நுரைக்கவைக்கும். பிறகு கட்டையை உலர்த்தி மாட்டிவிடுவார்கள், அடுத்த தடவைக்கு.

இது செலின் நார்வேயில் ஒரு பண்ணையில் வேலை பார்த்துக் கொண்டுவந்த கட்டை. பதினான்கு வருஷமாக அவர் உயிரோடு வைத்திருந்தது.

வேதாசலம் மருந்துக் கம்பெனியில் காலம் தள்ளிவிட்டு, ஐம்பது வயதில் செலினிடம் தொழில் கற்க வந்தவர். குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்த சீடர். அழுக்கைக் கண்டால் அவருக்கு ஆகாது.

கஸ்பாருக்கு வெட்டிக் கொடுத்த அடுத்த மாதம், செலின் வெளியூர் போயிருந்த ஒரு வாரம், கட்டையின் மேல் பழுப்பாகப் படிந்திருந்தது வேதாசலத்தின் கண்ணை உறுத்தியது. ஈஸ்ட் மரத்துக்குள்ளே பத்திரமாக இருக்கும், மேலே இருப்பது வெறும் அழுக்கு என்று முடிவு கட்டினார். காஸ்டிக் சோடா, கொதிநீர், நார். தேய் தேய் என்று தேய்த்தார்.

கட்டை பளபளவென்று ஆனது. மனுஷனுக்கு ஒரே பெருமை.

திங்கட்கிழமை அந்தக் கட்டையால் புதுச் சாற்றைக் கலக்கினார். செவ்வாய், நுரை இல்லை. புதன், தொட்டியில் காதை வைத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் புரிந்தது, அந்தப் பழுப்புதான் ஈஸ்ட் என்று.

வியாழன் செலின் வந்தார்.

“மேடம், நான் கட்டையக் கழுவிட்டேன்.”

“நல்லாவா?”

“ரொம்ப நல்லா.”

செலின் கட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசனைகூட இல்லை, அவ்வளவு சுத்தம்.

“பதினாலு வருஷத்தக் கொன்னுட்டேனே மேடம்! திட்டுங்க, வெளிய போன்னு சொல்லுங்க. ஏதாவது பேசுங்க.”

செலின் அடுப்பைப் பற்றவைத்து, புதுச் சாறு காய்ச்ச அண்டாவை ஏற்றினார்.

“எதுக்கு மேடம் இது? கலக்கக் கட்டை ஏது?”

“இருக்கு சார்.”

வேதாசலத்துக்கு உயிர் வந்தது. “எங்க? எங்க பூட்டி வெச்சிருக்கீங்க?”

“கஸ்பார்கிட்ட.”

வேதாசலம் வண்டிச் சாவியை எடுத்தார்.

சாறு ஆறுவதற்குள் திரும்பி வந்தார். சட்டைப் பைக்குள், கைக்குட்டையில் சுற்றி, விரல் நீளத்துக்கு ஒரு துண்டு. பழுப்பு படிந்த துண்டு.

“எதுவும் கேக்கல மேடம். உடனே வெட்டிக் குடுத்துட்டாரு.”

“கலக்குங்க.”

மறுநாள் காலை தொட்டி நுரைத்துப் பொங்கி விளிம்பைத் தாண்டியது. வேதாசலம் அழுதுவிட்டார். புதிதாக ஒரு நீளக் கட்டையை அந்த நுரையில் ஊறவைத்து எடுத்து, வெயிலில் காயப்போட்டார்.

அது காய்ந்ததும் செலின் கேட்டார்: “பூட்டி வைக்கணுமா சார்?”

வேதாசலம் ஆணியிலிருந்து ரம்பத்தை எடுத்தார்.

“எத்தன துண்டு மேடம்?”