முத்துக்குளிப்பவள் மறுபடியும் மூழ்கிய கதை

"நான் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தேன், நக்கண்ணா. ஆட்டம் முடியும் வரைக்கும் ஒரு தடவைகூட நிறுத்தாமல் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தேன்."

"நல்லதுதானே அரசே? நிறுத்தியிருந்தால் இந்நேரம் நாங்கள் எல்லோரும் தலையை மழித்துக்கொண்டு நின்றிருப்போம்."

"விளையாடாதே. அவள் கடலுக்குள் மூழ்குகிறாள். மண்டபமே மூச்சை அடக்கும் இடம் அது. நான் வெற்றிலை மென்றுகொண்டிருந்தேன்."

"பார்த்தேன் அரசே. அது மூன்றாவது வெற்றிலை."

மன்னர்கள் பகலிலேயே கனவு கண்டுகொண்டிருந்த காலம் அது. நாட்டின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அதன் அரசன் விசயமாறன். அவனுக்கு முன்னால் தூணில் சாய்ந்து நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தவன் அவனுடைய விகடகவி நக்கண்ணன். பேச்சு ஒரு நிழலாட்டத்தைப் பற்றியது.

அந்த ஊரில் சன்னலே இல்லாத ஒரு கல் மண்டபம் இருந்தது. நடுப்பகலிலும் உள்ளே இருட்டு. ஒரு வெள்ளைத் திரை, அதற்குப் பின்னால் ஒரு விளக்கு, விளக்குக்கும் திரைக்கும் நடுவே தோலில் வெட்டிய பாவைகள். ஆண்டுக்கு ஒருமுறை அங்கே ஒரே ஒரு கதை ஆடும். கடலரசன் பிடித்துவைத்த தன் கணவனை மீட்க ஒரு முத்துக்குளிப்பவள் கடலின் அடிவரைக்கும் போய் வரும் கதை. அவள் மூழ்கும்போது பார்க்கிறவர்களும் மூச்சை அடக்குவார்கள். அவள் மேலே வந்த பிறகுதான் விடுவார்கள். யாரும் சொல்லிக் கொடுத்து வந்த வழக்கம் இல்லை. யார் முதலில் செய்தார்கள் என்றும் தெரியாது.

ஏழு வயதில் அந்த ஆட்டத்தை முதன்முதலாகப் பார்த்தபோது விசயமாறன் மூச்சை அடக்கி அடக்கி, கண் இருண்டு, கீழே விழப் போனான். உலகத்தில் அதைவிடப் பெரிய ஒன்றை அவன் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. போரில் வென்றான், முடி சூடினான், யானை மேல் ஊர்வலம் போனான். எதுவும் அந்த அளவுக்கு வரவில்லை.

"வேந்தே, குறை தங்களிடம் இல்லை," என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார் அதிராயர். அவர் அரண்மனையின் கலைகளுக்கெல்லாம் தலைவர். அரசன் சிரிக்கும்போது நக்கண்ணனைப் பார்த்துச் சிரிக்கிறானே என்ற எரிச்சல் அவருக்குப் பல வருடமாக இருந்தது. "ஆட்டம் கிழடு தட்டிவிட்டது. நான் அதைப் புதுப்பித்துத் தருகிறேன். திரை பட்டில். ஏழு தலைச் சுறாக்கள் ஒன்பது. முத்துக்குளிப்பவளுக்கு இறக்கை."

"கடலுக்குள் இறக்கை எதற்கு, அதிராயரே?" என்று கேட்டான் நக்கண்ணன்.

"கண்ணுக்கு விருந்து, விகடரே. அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. புதிய ஆட்டம் அரங்கேறியதும் பழைய பாவைகளை நெருப்பில் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் சனங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவார்கள்."

அரசன் நக்கண்ணனைப் பார்த்தான். "நீ என்ன சொல்கிறாய்?"

"ஆட்டம் அப்படியேதான் இருக்கிறது, அரசே. நமக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்."

அதிராயர் இந்தப் பதிலுக்காகவே காத்திருந்தார். "அப்படியானால் விகடரே ஆடிக் காட்டட்டும். ஆட்டத்தைப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் அது புத்தம் புதியதாக இருக்க வேண்டும். அதே நேரத்தில், வேந்தர் ஏழு வயதில் பார்த்த அன்று இருந்த எதுவும் குறையக் கூடாது. முழுநிலவுக்குள் முடியாவிட்டால் பாவைகள் நெருப்புக்கு, விகடர் எல்லைக்கு அப்பால்."

பழையது எதுவும் குறையக் கூடாது, எல்லாமே புதியதாகவும் இருக்க வேண்டும். முடியாத காரியம் என்று கதவருகே நின்ற காவலனுக்குக்கூடத் தெரிந்தது. ஆனால் அரசனுக்கு அந்த ஏழு வயது மூச்சு வேண்டும். ஆசை கண்ணை மறைத்தது. ஆணையை எழுதச் சொல்லி முத்திரை வைத்துவிட்டான்.

நக்கண்ணன் ஓலையை வாங்கி நான்கு முறை படித்தான். "அன்று இருந்த எதுவும் குறையக் கூடாது, இல்லையா அதிராயரே? ஏழு வயது இளவரசரைத் தோளில் தூக்கி வைத்து ஆட்டம் காட்டியது யார்?"

"நான்தான்! ஊருக்கே தெரியும்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் அதிராயர். மாதத்துக்கு இரண்டு முறையாவது அவர் சபையில் சொல்கிற செய்தி அது.

"நல்லது. வந்துவிடுங்கள்," என்றான் நக்கண்ணன்.

நேரே பாவைக்காரி சடைச்சியின் வீட்டுக்குப் போனான். நாற்பது வயதுக்காரி. யாரிடமும் பேச அஞ்சாதவள். செய்தியைக் கேட்டதும் அவள் கையிலிருந்த ஊசி அப்படியே நின்றது.

"எரிக்கப் போறாங்களா? எதை? இவளையா?" மடியில் கிடந்த முத்துக்குளிப்பவளின் பாவையை அவள் தூக்கிக் காட்டினாள். "எங்க பாட்டனோட பாட்டன் வெட்டுனதுய்யா இது. இவ கையி மூணு தடவ ஒடிஞ்சுது, மூணு தடவயும் தச்சிருக்கோம். இவள நெருப்புல போட்டா அப்புறம் நான் யாருய்யா? நீரு சபையில வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்தா என்ன?"

"இருந்திருக்கலாம் அக்கா. வாய் தவறி வந்துவிட்டது. ஆட்டத்தில் ஒன்றையும் மாற்ற வேண்டாம். ஒரு வரிகூட. ஆனால் திரைக்குப் பின்னால் ஓர் ஆளுக்கு இடம் வேண்டும்."

"அங்க எங்க குடும்பத்தைத் தவிர யாரும் வந்ததில்ல."

"அதனால்தான் கேட்கிறேன்."

யார் வரப்போவது என்று அவன் சொன்னதும் சடைச்சி ஊசியைத் தோலில் குத்தி வைத்தாள். "வரட்டும். ஆனா செருப்பு வெளிய. தலையில அந்தக் கிரீடமும் வேணாம். விளக்கு வெளிச்சத்துல அது திரையில விழுந்துச்சுன்னா, கடலுக்கு நடுவுல கோபுரம் முளைச்ச மாதிரி இருக்கும்."

மறுநாள் விடிந்ததும் நக்கண்ணன் மலைக்கு நடந்தான். ஐந்து நாள் நடை. உச்சியில் தேன் எடுப்பவர்களின் குடிகள் இருந்தன. அவர்கள் நிழலாட்டம் பார்த்ததில்லை. அதற்கும் மேலே, கடலையே பார்த்ததில்லை. எண்பது பேரை அவன் அழைத்துக்கொண்டு இறங்கினான்.

வழியெல்லாம் கேள்விகள்.

"கடலுன்னா எம்புட்டுத் தண்ணி?"

"கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும்."

"அந்தப் பக்கம் வழிஞ்சிராதா?"

நக்கண்ணன் எல்லாவற்றுக்கும் ஒரு வேடிக்கையான பதில் வைத்திருப்பவன். இதைக் கேட்டதும் அவன் நடையை நிறுத்தி நின்றான். கடலைப் பற்றி இப்படி ஒரு கேள்வி கேட்கலாம் என்பதே அவனுக்கு இதுவரை தோன்றியதில்லை. அவனுக்கும் அது மனப்பாடம் ஆகியிருந்தது.

கூட்டத்தில் மூக்காயி என்று ஏழு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். தேன் அடை தின்று வளர்ந்தவள், நல்ல கனம். கால் வலிக்கிறது என்றாள். தோளில் தூக்கிக்கொண்டான். ஒரு மயில் பறந்ததும் பயந்துபோய் இரண்டு கைகளாலும் அவன் கண்களை இறுக்கி மூடிவிட்டாள். நக்கண்ணன் நேரே பள்ளத்தில் விழுந்தான்.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "பயம் வந்தால் எப்போதும் இப்படித்தானா?" என்று கேட்டான்.

"ஆமா," என்றாள் அவள், கொஞ்சமும் வருத்தமில்லாமல்.

முழுநிலவு நாள் வந்தது. நண்பகலில் கல் மண்டபத்தின் கதவு திறந்தது. அரண்மனைக்காரர்கள் முன்வரிசைக்கு வந்தார்கள். வாசலில் நின்ற நக்கண்ணன் ஓலையைக் காட்டி எல்லோரையும் திருப்பி அனுப்பினான். "பார்க்கிற ஒவ்வொருவருக்கும் புதியதாக இருக்க வேண்டும் என்பது ஆணை. இதற்கு முன் பார்த்தவர்களுக்கு இன்று இடமில்லை." மலைக்காரர்கள் எண்பது பேரும் உள்ளே போனார்கள். கடைசியாக அதிராயர் வந்தார்.

"உங்களுக்கு இடம் உண்டு," என்றான் நக்கண்ணன். "அன்று ஏழு வயதுப் பிள்ளை ஒன்று உங்கள் தோளில் இருந்தது. அது குறையக் கூடாதல்லவா?"

மூக்காயி ஏறி உட்கார்ந்தாள். அதிராயரின் முழங்கால் ஒரு முறை மடங்கி நிமிர்ந்தது.

"வேந்தர் எங்கே?" என்று முனகினார். "அவரும் பழைய ஆட்டத்தைப் பார்த்தவர்தானே?"

"இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவர்," என்று சொல்லிவிட்டு நக்கண்ணன் கதவை வெளியிலிருந்து சாத்தினான். ஆட்டம் முடியும்வரை மண்டபத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலில் நின்றான். அவனும் பார்த்தவன்தானே.

திரைக்குப் பின்னால், கிரீடம் இல்லாமல், வெறுங்காலோடு, எண்ணெய்க் கறை படிந்த பாயில் அரசன் உட்கார்ந்திருந்தான்.

விளக்கு ஏற்றப்பட்டது. முதலில் அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. கடலரசனின் மாளிகை என்று அவன் நாற்பது வருடமாக நம்பியிருந்தது, மூலை சுருண்ட ஒரு தோல் துண்டு. புயல் என்பது சடைச்சியின் தம்பி ஒரு கூடையில் குலுக்கிய கூழாங்கல். கடல் முழுவதும் மூன்றே மூன்று நீலக் கீற்றுகள், அவற்றைச் சடைச்சி தன் கால்விரலில் கட்டிய கயிற்றால் ஆட்டினாள். இவ்வளவுதானா?

அப்போது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "அய்யோ, எம்புட்டுத் தண்ணி!"

அரசன் மறுபடியும் அந்த மூன்று கீற்றுகளைப் பார்த்தான். இவ்வளவுதான். இவ்வளவே போதுமாக இருந்திருக்கிறது! அவன் மயிர்க்கால்கள் சிலிர்த்தன. ஒரு கால்விரலின் அசைவில் எண்பது பேருக்கு ஒரு கடல் பிறந்துகொண்டிருந்தது, வாழ்நாளில் முதல் கடல்.

முத்துக்குளிப்பவள் படகின் விளிம்பில் நின்றாள். சடைச்சி பாட்டை நிறுத்தினாள். பாவை மெல்லத் திரும்பியது, தலைகீழாக இறங்கியது.

கூழாங்கல் ஓசை நின்றது. எல்லாமே நின்றது. அரசன் சடைச்சியைப் பார்த்தான். அவள் உதடுகள் இறுக மூடியிருந்தன. கழுத்து நரம்பு எழும்பி நின்றது. கண்ணோரம் நீர் கோத்தது. அவளும் மூச்சை அடக்கியிருந்தாள். முத்துக்குளிப்பவள் எவ்வளவு நேரம் கடலுக்குள் இருப்பாள் என்பதற்கு அளவு எங்கும் எழுதப்படவில்லை. பாவையைப் பிடித்திருப்பவளின் மூச்சு தாங்கும் வரைக்கும் அவள் உள்ளே இருப்பாள். இவளுக்கு முன் இவள் தகப்பனின் மூச்சு. அதற்கு முன் பாட்டனின் மூச்சு. ஒவ்வோர் ஆண்டும் அதே கதை, ஒவ்வோர் ஆண்டும் வேறொரு மூச்சு.

திரைக்கு அப்பால் எண்பது பேரின் மௌனம் கேட்டது. ஆம், கேட்டது. மலை தூங்குவதைப் போல ஒரு கனத்த மௌனம். பாவை அடியைத் தொட்டது. கணவனின் கையைப் பற்றியது. போதும், மேலே வா, வந்துவிடு என்று அரசன் மனதுக்குள் கெஞ்சினான். முடிவு தெரிந்த கதைதான். இருந்தாலும் இன்றைக்கு அவள் வராமல் போய்விட்டால்?

தலை நீர்மட்டத்தைக் கிழித்தது.

எண்பது பேர் ஒன்றாக மூச்சை விட்டார்கள். அந்தக் காற்றில் திரை படகின் பாய்போலப் புடைத்து உள்ளே வந்தது. விளக்குச் சுடர் சாய்ந்தது. கடலரசனும் படகும் வானமும் ஒரு கணம் ஆடின. அந்தக் காற்று அரசனின் முகத்தில் பட்டது. அப்போதுதான் அவனும், நெஞ்சு வெடிக்கிற மாதிரி, தன் மூச்சை விட்டான்.

கதவு திறந்தது. வெளிச்சத்தில் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். முதலில் பேசியவர் அதிராயர்தான். மேலங்கி கசங்கி, குடுமி அவிழ்ந்து, மூக்காயியை இறக்கிவிட்டு அவர் முழங்கினார்.

"வேந்தே, ஆணை மீறப்பட்டது! ஒரு வரி மாறவில்லை, ஒரு பாவை புதியதில்லை. வேந்தர் பின்னால் உட்கார்ந்தார், சரி. நான்? நான் பழைய ஆட்டத்தைப் பார்த்தவன். இன்றும் பார்த்தேன். எனக்குக் கொஞ்சமும் புதியதாக இல்லை. பார்க்கிற ஒவ்வொருவருக்கும் என்றல்லவா ஓலை சொல்கிறது?"

சடைச்சியின் முகம் வெளுத்தது. பாவையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

நக்கண்ணன் பணிவாகக் கேட்டான். "முத்துக்குளிப்பவள் கணவனின் எந்தக் கையைப் பற்றினாள், அதிராயரே?"

"அது... வலது கை."

"பொய்யி!" என்று கத்தினாள் மூக்காயி. "இவரு ஒண்ணுமே பாக்கல. பெரிய மீனு வந்ததுமே நான் இவரு கண்ண மூடிட்டேன். அப்புறம் எடுக்கவே இல்ல. எடு எடுன்னு கத்துனாரு. எனக்குப் பயமா இருந்துச்சு, எடுக்கல."

அரசன் அதிராயரின் முகத்தைப் பார்த்தான். இரண்டு கண்களையும் சுற்றிப் பத்து சிறு விரல்களின் தடம், தேன் பிசுக்கோடு, தெளிவாக இருந்தது.

விசயமாறன் சிரித்தான். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மலைக்காரர்களுக்கு ஏன் என்று புரியவில்லை, அவர்களும் சிரித்தார்கள். பிறகு ஓலையை வாங்கி இரண்டாகக் கிழித்தான்.

"அதிராயரே, உமது ஏழு தலைச் சுறாக்களும் இறக்கையும் வீணாக வேண்டாம். அவற்றுக்கென்று இதுவரை யாரும் கேட்காத ஒரு கதையைக் கட்டும். நானே முன்வரிசையில் உட்காருகிறேன். இந்த முத்துக்குளிப்பவளை விட்டுவிடும். நக்கண்ணா, இங்கே வா." தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டான். "இனிமேல் ஆண்டுதோறும் இந்தக் கடலைப் பார்க்காதவர்களைத் தேடிப் பிடித்து அழைத்து வருவதுதான் உன் வேலை."

"நடந்து நடந்து என் கால் தேய்ந்துவிடும், அரசே."

"பல்லக்கும் தருகிறேன். போ."

கூட்டம் கலையத் தொடங்கியது. அரசன் மட்டும் கலையவில்லை. அவன் கிரீடம் யாரோ ஒரு காவலனின் கையில் இருந்தது, அதை அவன் கேட்கவும் இல்லை. வெறுங்காலோடு சுடுகல்லில் நடந்து, பாவைகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த சடைச்சியின் முன்னால் போய் நின்றான்.

"அம்மா," என்றான் அந்நாட்டின் அரசன். "அடுத்த முறை அவள் மூழ்கும்போது, ஒரே ஒரு தடவை, அவளை நான் பிடித்துக்கொள்ளட்டுமா?"