திவான் ஏறிய படி

அறுபது தாண்டிய அரண்மனை ஊழியர் எவரானாலும் மலைக்கோட்டைப் படிகளை நிற்காமல் ஏற வேண்டும், நின்றால் வேலை போச்சு என்று திவான் சட்டம் போட்டார். சோதனையன்று ராஜாவும் அடிவாரத்துக்கு வந்திருந்தார். மேலிருந்து மேற்பார்வையிடப் பல்லக்கில் வந்த திவானை, பல்லக்குத் தூக்கும் கிழவன் மாசானம் கீழேயே இறக்கிவிட்டான்.

“ஏண்டா இறக்கினே?”

“எசமானும் ஏறணுமே. போன தை மாசம்தானே உங்க அறுபதாம் கல்யாணத்துல ஊரே சாப்பிட்டோம்.”

ராஜா திவானைப் பார்த்தார். “ஏறும்.”

பாதி வழிகூடப் போகாமல் திவான் உட்கார்ந்துவிட்டார். மாசானம் பின்னாலேயே போய் மோர் கொடுத்தான்.

“உட்கார்ந்து உட்கார்ந்து போனா நாம ரெண்டு பேருமே ஏறிடலாம் எசமான்.”

மறுநாளே சட்டம் மாறியது. படி நெடுக நிழல் மண்டபமும் மோர்ப்பந்தலும் வந்தன. யாருக்கும் வேலை போகவில்லை, திவானுக்கும்தான்.