முட்டைமேல் சத்தியம்

அந்தக் காலத்தில், மிருகங்களும் பறவைகளும் நம்மைப் போலவே பேசிக்கொண்டும், பேசக்கூடாததைப் பேசிவிட்டு நம்மைப் போலவே முழித்துக்கொண்டும் இருந்த காலத்தில், ஒரு பெரிய ஏரிக்கரையில் நீளமான மஞ்சள் காலோடு ஒரு குருவி இருந்தது. இன்றைக்கு ஆள்காட்டி என்று கூப்பிடுகிறோமே, அதே குருவிதான். அன்று அதன் பெயர் அமுக்குணி. நம் ஊரில் அது திட்டு, அந்த ஏரியில் அது பட்டம். எதைச் சொன்னாலும் அதன் வாயை விட்டு வெளியே வராது என்று அர்த்தம்.

அதனால் ஏரியில் இருந்த எல்லாருடைய ரகசியமும் அதன் வயிற்றுக்குள் கிடந்தது. மழை பெய்தால் தனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது என்று எருமை வந்து சொல்லி அழுதது. தான் ஒற்றைக்காலில் நிற்பது தவமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, தண்ணீர் சில்லென்று இருப்பதால்தான் என்று கொக்கு சொன்னது. குயில் குஞ்சு என்று தெரிந்தேதான் வளர்த்தேன், வீட்டில் ஒரு பாட்டுச் சத்தம் கேட்கட்டும் என்று ஆசைப்பட்டேன் என்று காகம் சொன்னது. எல்லாருக்கும் அமுக்குணி ஒரே பதில்தான் வைத்திருந்தது. "எங்கிட்ட சொல்லிட்டீங்கல்ல, கெணத்துல போட்ட கல்லுன்னு நெனச்சுக்கோங்க."

அதில் அதற்குப் பெருமை தாங்கவில்லை. நடைகூட மாறிவிட்டது. கணவனிடமும் மூச்சு விடாது. "கட்டின புருஷன்கிட்டயுமா?" என்று அவன் கேட்டால், "உங்ககிட்டதான் முக்கியமா சொல்லக்கூடாது" என்று சொல்லிவிடும்.

வெயில் ஏறி ஏரி வற்றத் தொடங்கியதும், கரையோரக் கூழாங்கல்லுக்கு நடுவில் அமுக்குணி நான்கு முட்டை இட்டது. முட்டையும் கல் நிறம், கல்லும் முட்டை நிறம். யார் கண்ணிலும் படாது என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தபோது கீரி வந்தது.

"அக்கா, மனசுல ஒரு விஷயம் கெடந்து உறுத்துது. சொல்லலாமா?"

"சொல்லு தம்பி. அதுக்குத்தானே இருக்கேன்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"எங்கிட்டயே சத்தியம் கேக்கறியா?" அமுக்குணிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கோவிச்சுக்காதே. சும்மா சத்தியம் வேணாம், முட்டை மேல சத்தியம் பண்ணு. சொன்னா நாலும் கூமுட்டையாப் போகணும்."

ரோஷம் வந்தவர்கள் யோசிப்பார்களா? முட்டைமேல் சிறகை வைத்து ஓங்கிச் சத்தியம் செய்துவிட்டது.

கீரி வாயைத் துடைத்துக்கொண்டது. "கௌதாரியோட முட்டையில பாதியை நான்தான் தின்னேன். மிச்சம் நாளைக்கு. தின்னதை யார்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்குச் செரிக்க மாட்டேங்குது அக்கா. இப்பதான் வயிறு லேசா இருக்கு." ஒரு ஏப்பத்தையும் விட்டுவிட்டுப் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் கௌதாரி அழுதுகொண்டே ஓடி வந்தது. "அக்கா, பாதி முட்டையைக் காணோம். ஓடுகூட மிச்சமில்ல. இந்த ஏரியில உனக்குத் தெரியாதது உண்டா? யாருன்னு மட்டும் சொல்லு, இருக்கறதையாவது காப்பாத்திக்கறேன்."

அமுக்குணி கௌதாரியைப் பார்த்தது. தன் முட்டைகளைப் பார்த்தது. "எனக்கென்ன தெரியும்?" என்றது. சொல்லிவிட்டுச் சிறகை முட்டைகள்மேல் இன்னும் இழுத்து மூடிக்கொண்டது.

மறுநாள் கௌதாரியின் புதரில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கீரி நேராக அமுக்குணியிடம் வந்தது.

"அது முடிஞ்சுது அக்கா. நாளைக்கு என்னன்னு கேளேன்."

"வேணாம். சொல்லாதே."

"நீதான் கேக்கணும். நாளைக்கு உன்னோடது."

"டேய்!"

"கத்தாதே. சத்தியம் ஞாபகம் இருக்கா? நீ சொன்னா நாலும் கூமுட்டை. சொல்லலைன்னா நாலும் எனக்கு. எப்படிப் பார்த்தாலும் உனக்குக் கிடையாது. நல்ல பேராவது மிஞ்சட்டுமே."

அன்று முழுக்க அமுக்குணி தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. "உடம்புக்கு என்னடி?" என்று கணவன் சுற்றிச் சுற்றி வந்து கேட்டான். "ஒண்ணுமில்லைங்க" என்பதைத் தவிர அதற்கு வேறு வார்த்தை வரவில்லை.

மறுநாள் நல்ல வெளிச்சத்தில், மாமியார் வீட்டு விருந்துக்கு வருவது போல, கீரி நடந்து வந்தது. ஆண்குருவிக்கு என்ன தெரியும்? எழுந்து வழிவிட்டது.

"வாப்பா, வா. சாப்பிட்டியா?"

"இனிமேதான் மாமா."

கீரி கூழாங்கற்களை ஒவ்வொன்றாக முகர்ந்தது. ஒரு முட்டைக்குப் பக்கத்தில் வந்து நின்று, அமுக்குணியைப் பார்த்துக் கண்ணடித்தது. அவ்வளவுதான். அதற்குமேல் தாங்கவில்லை.

"கீரி! கீரி! ஐயோ, கீரி!" என்று அமுக்குணி வானத்துக்கும் பூமிக்குமாகக் கத்தியது. "கௌதாரி முட்டையைத் தின்னவன் இவன்தான்! இப்ப என்னோடதையும் தின்ன வந்திருக்கான்!"

எருமை சேற்றிலிருந்து எழுந்து வந்தது. காகங்கள் இறங்கின. கொக்கு இரண்டு காலாலும் ஓடி வந்தது. எல்லாரும் சேர்ந்து துரத்தியதில் கீரி வாலில் பாதி மயிரை விட்டுவிட்டு வளைக்குள் புகுந்துகொண்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இத்தனை நாள் மூடியிருந்த வாய் லேசில் மூடவில்லை. "எருமைக்கு மழை பேஞ்சா கூசும்! கொக்கு பண்றது தவமே இல்ல! காக்காவுக்கு எல்லாம் தெரியும்!" என்று வரிசையாக வந்து விழுந்தது. துரத்திவிட்டுத் திரும்பியவர்கள் அப்படியே நின்றார்கள்.

அன்று மத்தியானமே பஞ்சாயத்து கூடியது. ஆமைதான் தலைமை.

"இவ செஞ்சதுக்குப் பேர் என்னன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. பேர் தெரிஞ்சாத்தான் தண்டனை சொல்ல முடியும்" என்றது ஆமை.

"அம்பலப்படுத்திட்டா. நாலு பேர் கும்பிடற தவத்தை அம்பலத்துல ஏத்திட்டா" என்றது கொக்கு.

"போட்டு உடைச்சுட்டா" என்றது காகம்.

"மானத்தை வாங்கிட்டா" என்றது எருமை. எங்கிருந்தோ வந்த ஒரு குட்டித் தவளை மழை மாதிரி அதன் முதுகில் தண்ணீர் தெளித்துப் பார்த்தது. எருமை நெளிந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏதோ பயத்துல உளறிட்டா, பாவம், விட்டுடுங்க" என்றது நண்டு. நண்டின் ரகசியம் மட்டும் இன்னும் வெளியே வரவில்லை.

வளைக்குள்ளிருந்து கீரி கத்தியது. "காட்டிக்கொடுத்துட்டா! சத்தியம் பண்ணிட்டுக் காட்டிக்கொடுத்துட்டா! ஆள்காட்டி! ஆள்காட்டி!"

"இதையெல்லாம் எங்கிட்ட ஏன் மொதல்லயே சொல்லல?" என்று ஆண்குருவி எழுந்தது. அது வீட்டு விஷயம் என்று ஆமை உட்கார வைத்துவிட்டது.

எந்தச் சொல் சரி என்று சண்டை வலுத்தபோது, கடைசி வரிசையில் இருந்த கௌதாரி வாயைத் திறந்தது.

"நீங்க என்ன பேர் வேணா வைங்க. எனக்குத் தெரிஞ்சு அவ சொன்னா. அவ்வளவுதான். நான் வந்து கேட்ட அன்னிக்கே சொல்லியிருந்தா, எனக்குப் பாதியாவது மிஞ்சியிருக்கும்."

அமுக்குணிக்கு வெட்கமாக இருந்தது. கொக்கும் காகமும் திட்டியதெல்லாம் சேர்ந்தும் இந்த அளவுக்குச் சுடவில்லை.

இனி யாரும் இதனிடம் ரகசியம் சொல்லக்கூடாது, அமுக்குணி என்ற பட்டமும் இல்லை என்று ஆமை தீர்ப்புச் சொன்னது. கீரி திட்டிய பெயர்தான் நிலைத்தது. அதைப் பற்றியெல்லாம் கவலைப்பட அதற்கு நேரம் இல்லை. சத்தியத்தை மீறியாயிற்று, முட்டை கூமுட்டையாகிவிடுமோ என்ற பயத்தில் எழுந்திருக்காமல் அடைகாத்தது. ஒருநாள் முதல் முட்டை விரிந்தது. பிறகு மற்ற மூன்றும் விரிந்தன. திருடனுக்குச் செய்த சத்தியத்தை எந்தச் சாமி கணக்கில் வைக்கும்!

குஞ்சுகள் வெளியே வந்ததும் ஆள்காட்டி நேராகக் கௌதாரியின் புதருக்குத்தான் போனது. மன்னிப்புக் கேட்க வார்த்தை வரவில்லை. "இனிமே யார் வந்தாலும் உடனே சொல்லிடறேன்" என்று மட்டும் சொன்னது.

அன்று முதல்தான், ஏரிக்கரையில் யார் கால் வைத்தாலும், வருவது திருடனா, மாடு தேடி வருகிறவனா, சொந்தப் புருஷனா என்றுகூடப் பார்க்காமல் ஆள்காட்டி கத்தித் தீர்க்கிறது. வேட்டைக்குப் போகிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் திட்டுகிறார்கள். கௌதாரி மட்டும் திட்டுவதில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் பேசாமல் போய்த் தன் முட்டைகள்மேல் உட்கார்ந்துகொள்கிறது.