உடையாத மண்யானை

கடல் பின்வாங்கியபோது மிச்சம் வைத்துவிட்டுப் போன நிலத்தில், வெகு காலத்துக்கு முன்பு, ஆம்பல் நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்ட அரசன் கெட்டவன் இல்லை, கேட்பவர்களே. நாட்டுக்கு நல்லது செய்ய அவனுக்குத் தினமும் காலையில் ஒரு யோசனை வரும். சிக்கலே அதுதான்.

ஒருநாள் அவன் மகள் பாடத்தின் நடுவே கொட்டாவி விட்டாள். அரசனுக்கு மனசு தாங்கவில்லை. "இனிமேல் என் நாட்டில் பாடமெல்லாம் விளையாட்டாகவே நடக்கட்டும்" என்று முரசறையச் சொன்னான். ஊர்தோறும் பள்ளிக்கு ஒரு பெட்டி போயிற்று. பெட்டிக்குள் ஒரு மண்யானை, இரண்டு மரப்பாச்சி, கை நிறையச் சோழி. விளையாட்டு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கச் சேந்தனார் என்ற கண்காணியும் பின்னாலேயே போனார்.

உப்பளங்களுக்கு நடுவே புன்னைத்துறை என்ற ஊர். அங்கே பாடம் சொன்னவர் அழிசியார். ஐம்பதைத் தாண்டியவர். வேறு தொழில் தெரியாது. பள்ளிக்குப் பின்னால் இருந்த ஓலைக் குடிசைதான் வீடு. வேலை போனால் அதுவும் போய்விடும்.

பெட்டி வந்த அன்றே அவர் அதைத் திறந்து பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். யானை உப்பு மூட்டை சுமந்தது. மரப்பாச்சிகளுக்குக் கல்யாணம் நடந்தது. விருந்துக்கு எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை அப்பம் என்று சோழி வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு மாதத்தில் கூட்டலும் வகுத்தலும் வந்துவிட்டன. யானையின் காது மட்டும் போய்விட்டது.

கண்காணி முதல் தடவை வந்தார்.

"யானைக்குக் காது எங்கே ஓய்?"

"பிள்ளைகள் விளையாடினார்கள் ஐயா."

"அரசாங்க யானையோடா?"

"விளையாடத்தானே கொடுத்தது?"

"விளையாடத்தான் கொடுத்தது. உடைக்கவா கொடுத்தது? புது யானை தருகிறேன். அதில் ஒரு கீறல் விழுந்தாலும் குடிசையைக் காலி செய்துவிடும். என் மருமகன் வீட்டில் சும்மாதான் இருக்கிறான்."

பயந்தவன் எவ்வளவு யோசித்தாலும் முடிவு சுருக்கமாகத்தான் வரும். அழிசியார் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கினார்.

கண்காணி இரண்டாம் தடவை வந்தார். துடைத்து வைத்த பெட்டிக்குள் யானை பளபளத்தது. பிள்ளைகள் கைகட்டி, வாயைப் பிளந்து, ஒரே குரலில் பாடினார்கள்: "ஆடுகிறோம், ஓடுகிறோம், ஆனந்தமாய்ப் படிக்கிறோம்." பாட்டுக்குத் தலையாட்டிய ஒரு பயலை அழிசியார் முறைத்தார். அவனும் அடங்கி ஆனந்தப்பட்டான். சேந்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. அழிசியாருக்குச் சால்வை போர்த்தி, நாட்டிலேயே சிறந்த விளையாட்டு புன்னைத்துறையில்தான் என்று அரசனுக்கு ஓலை அனுப்பினார்.

மூன்றாம் தடவை கண்காணியோடு அரசனே வந்தான், மகளையும் கூட்டிக்கொண்டு.

பெட்டி திறந்தது. பாட்டு ஒலித்தது. அரசகுமாரிக்கு ஆறு வயது. அவளுக்குப் பாட்டில் நாட்டமில்லை. நேரே போய் யானையின் தும்பிக்கையைப் பிடித்தாள்.

பளார்!

"தொடாதே!" என்று அழிசியார் கத்தியிருந்தார். குழந்தையின் கை சிவந்திருந்தது. அடித்தது தன் கைதானா என்று அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சேந்தனார் வாளைத் தேடினார். அரசன் கையமர்த்திவிட்டுப் பிள்ளைகளிடம் கேட்டான்: "இந்த யானையோடு நீங்கள் விளையாடியதே இல்லையா?"

கொன்றை என்ற சிறுமி எழுந்தாள். அவள் அப்பா உப்பளக்காரர். "கண்காணி ஐயா வருகிற அன்றைக்குப் பார்ப்போம் அரசே. பார்க்க நன்றாக இருக்கும்."

அரசன் தலைகுனிந்தான். ஆசிரியரைத் தண்டிக்காமல் திரும்பிப் போனான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மறுநாள் பொழுது விடிந்ததே!

"மாதம் தவறாமல் ஒவ்வொரு பள்ளியிலும் மூன்று பொருள்களாவது உடைய வேண்டும். உடையாத பள்ளியில் விளையாட்டு இல்லை, விளையாட்டு இல்லாத பள்ளியில் ஆசிரியருக்கு வேலை இல்லை" என்று முரசறைந்தார்கள்.

அதன்பின் நாடெங்கும் ஆசிரியர்கள் காலையில் கல்லும் கையுமாக உட்கார்ந்து யானை உடைத்தார்கள். உடைக்கிற வேலைக்கு இடைஞ்சல் என்று சில ஊர்களில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அழிசியார் மட்டும் அந்தச் சிவந்த கையை மறக்க முடியாமல் தவித்தார். இத்தனை நாள் யாருக்குப் பாடம் சொன்னேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பதில் நன்றாக இல்லை. பூட்டைக் கிணற்றில் போட்டார். பிள்ளைகள் யானையை எடுத்துக்கொண்டார்கள். இன்று யார் தூக்குவது, யார் குளிப்பாட்டுவது என்று தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். அது ஆறு கடந்தது, சந்தைக்குப் போனது, போருக்கும் போய்வந்தது. ஆனால் உடையவில்லை.

மாதக் கடைசியில் கண்காணி வந்தார்.

"ஒன்றுகூட உடையவில்லையே! விளையாடவில்லையா?"

"விளையாடினார்கள் ஐயா. பார்த்துப் பார்த்து விளையாடினார்கள்."

"அப்படி ஒரு விளையாட்டு ஆணையில் இல்லையே ஓய்." குடிக்கக் கொடுத்த மோரைக் கையில் வைத்துக்கொண்டு சேந்தனார் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் இரக்கம் உண்டு. இந்த மோரைக் குடித்து முடிப்பதற்குள் மூன்றை உடைத்துவிடும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்."

அழிசியார் கல்லை எடுத்தார். குடிசையைப் பார்த்தார்.

கொன்றை மெல்லச் சொன்னாள்: "ஐயா, காதை மட்டும் உடையுங்கள். அது இல்லாவிட்டாலும் நாங்கள் சமாளித்துக்கொள்வோம்."

ஒரு குழந்தை தனக்காக இரக்கப்பட்டுப் பேரம் பேசுகிறது என்று புரிந்ததும் அழிசியார் கல்லைக் கீழே வைத்தார். "உடைக்க மாட்டேன்" என்றார்.

"யோசித்துத்தான் பேசுகிறீரா?"

"பூட்டு வாங்கும்போது நிறைய யோசித்தேன் ஐயா. அதனால்தான் இப்போது யோசிக்கவில்லை."

சேந்தனார் மோரைக் குடித்து முடித்தார். அன்று மாலையே குடிசை காலியாயிற்று.

மறுநாள் சேந்தனாரின் மருமகன் சுத்தியலோடு வந்து சேர்ந்தான். மூன்றுக்கு ஆறாக உடைத்து, அந்த ஆண்டின் சிறந்த ஆசிரியர் என்று பட்டமும் வாங்கினான். அவனிடம் யானை மட்டும் சிக்கவில்லை; அதைப் பிள்ளைகள் முதல் நாளே தூக்கிப் போய் ஒளித்துவிட்டார்கள். அழிசியார் உப்பளத்தில் கூலிக்குப் போனார். உப்பு வாரும் பலகையை எப்படிப் பிடிப்பது என்று கொன்றைதான் சொல்லிக்கொடுத்தாள். வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகள் யானையைத் தூக்கிக்கொண்டு வரப்புக்கு வந்தார்கள். அன்றைய கணக்கு, உப்பு மூட்டைக் கணக்கு.

கேட்பவர்களே, இதன் நீதி இதுதான்: கண்காணிக்குக் காட்டுவதற்காகப் பாடம் நடத்துகிறவனுக்கு அந்தக் கண்காணி ஒருவன்தான் மாணவன், எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அல்ல.