துபாய் மாப்பிள்ளையின் கைவரிசை

ஆவுடையப்பன் மாமனாரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது, கரண்ட் இல்லாத ஒரு மத்தியானத்தில். பக்கத்துத் தெருவிலிருந்து ஓடிவந்து மாமனார் வீட்டு வேலையெல்லாம் பார்ப்பவன் இளைய மாப்பிள்ளையான அவன். புகழெல்லாம் துபாயிலிருந்தே கம்ப்யூட்டரைச் சரிசெய்யும் மூத்த மாப்பிள்ளை குணசீலனுக்கு. ஆவுடையப்பனுக்கு வயிறு எரியும்.

அன்றும் குணசீலன் ஸ்பீக்கர் போனில் முழங்கினான்: "மாமா, உங்க கம்ப்யூட்டருக்குள்ளதான் இருக்கேன். வைரஸ் பாதி போயிட்டுது. ஆவுடையப்பனைத் தொட விடாதீங்க!"

மாமனார் பூரித்துப்போனார். "பாத்தீங்களா, தொடாமலே! உங்களால முடியுமா?"

"முடியாது மாமா." ஆவுடையப்பன் போன் பக்கம் குனிந்தான். "அண்ணாச்சி, இங்க கரண்ட் போய் ஒரு மணி நேரமாச்சு. கம்ப்யூட்டரும் அணைஞ்சுதான் கிடக்கு. நீங்க உள்ளதானே இருக்கீங்க, அப்படியே இந்த ஃபேனையும் சுத்த விடுங்க."

மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். துபாய்க்கும் கேட்டது. போன் துண்டிக்கப்பட்டது.

மறுநாள் காலை மாமனார் மாரடைப்பில் போய்விட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டவர்கள் சகலைகள் இருவர்தான். அவர்கள் பேசிக்கொள்வதில்லை.